ஆடித் தீயும் அயனக் கணக்கும்

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத் தமிழ்க் கிராமமான உடப்பிலே, திரௌபதை அம்மன் ஆலய ஆடி விழா 18 நாட்கள் நடைபெற்றுத் தீமிதிப்புடன் நிறைவெய்துகின்றது. பாரதப் போரின் 18 நாட்களை நினைவூட்டும் இவ்விழாவைப் பற்றிப் படித்தோர் மத்தியில் இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. அறியாமையின் எச்சம் என்பது ஒன்று. கதிரவன் தென்திசை திரும்புவதையொட்டி வானியல் வல்ல முன்னோர் வகுத்த விஞ்ஞான விழா என்பது மற்றையது. பகைபோலத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. தீயில் இறங்கும் மனிதனிடம் ஒரு வார்த்தையேனும் கேளாமல் இரண்டும் அவனுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

விஞ்ஞானப் பெருமை பேசுவோரை முதலில் நோக்குவோம். ஆடிப் பிறப்பே தட்சிணாயனத்தின் தொடக்கம் என்பது பஞ்சாங்க மரபு. ஆனால் கதிரவன் வடகோடியை எட்டித் திரும்பும் நாள் யூன் 21ஐ ஒட்டியே வருகின்றது. ஆடி பிறப்பதோ யூலை நடுப்பகுதியில். இடையிலே ஏறத்தாழ 25 நாட்கள் கழிந்துவிடுகின்றன. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதனால் அயனப் புள்ளிகள் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் நகர்கின்றன. விண்மீன்களை அளவையாகக் கொண்ட தமிழ் மாதக் கணக்கு இந்நகர்வைச் சேர்த்துக்கொள்வதில்லை. அயன நாளும் ஆடிப் பிறப்பும் ஒன்றாயிருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னராகும். எனவே இன்றைய ஆடி விழாவை அயன நாளின் விஞ்ஞானம் எனப் போற்றுவோர், விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானத்தையே மறுப்பவராகின்றனர்.

அன்றியும், அயனம் என்பது எல்லா நாட்டவர்க்கும் ஒரே அனுபவமாக அமைவதில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சிலே மிக நீண்ட பகல் 16 மணித்தியாலத்துக்கும் மேற்பட்டது. மிகக் குறுகியது 8 மணித்தியாலத்துக்கும் குறைந்தது. பனியில் உறைந்து கிடந்த மக்கள் ஒளியின் உச்ச நாளைக் கொண்டாடியதில் வியப்பில்லை. புத்தளமோ வடக்கே 8 பாகை அளவில் உள்ளது. இங்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்பதும் யூனில் அல்ல, ஏப்பிரலிலும் செப்டெம்பரையொட்டியுமே. வடபுலத்து மக்களின் ஏக்கத்தை வெப்பவலயத்துக் கடலோரத்தின்மீது ஏற்றிப் பார்ப்பது இரவல் கண்ணால் நோக்குவதேயாகும்.

இக்கரையின் காலத்தைக் காற்றும் கடலுமே வகுக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் மேற்குக் கடல் கொந்தளிக்கின்றது. கரைவலைத் தொழில் தளர்கின்றது. மேற்குக் கரை மீனவர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். வருவாய் குன்றி, கடன் பெருகி, மனம் தளரும் அப்பருவத்திலேதான் உடப்பின் தீக்குழி மூட்டப்படுகின்றது. அதே மாவட்டத்தின் தலவிலையில், கத்தோலிக்க மக்கள் திரளும் புனித அன்னம்மாள் திருவிழா இரண்டினுள் ஒன்று ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்வதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. மறுபுறம், கிழக்கிலங்கையின் பாண்டிருப்பிலே அதே திரௌபதைக்கு அதே 18 நாள் விழாவும் தீமிதிப்பும் புரட்டாதியில் நடைபெறுகின்றன. அயனமே அடிப்படையாயின் ஒரே தெய்வத்தின் ஒரே விழா ஈரிடங்களில் ஈர் மாதங்களில் நிகழ்வது ஏன்? ஊரின் வாழ்வே விழாவின் நாளைத் தெரிந்திருக்கின்றது எனக் கருதுவதே பொருந்தும்.

இனி, இதனை அறியாமை என்று இகழ்வோரின் கூற்று. பிற சமயத்தாரின் சடங்குகளை இகழ மேலைநாட்டார் வழங்கிய 'பேகன்' என்ற சொல்லின் மூலமான 'பகானுஸ்' என்னும் இலத்தீன் சொல், முதலிற் குறித்தது நாட்டுப்புறத்தானையே. நகரத்தவன் கிராமத்தவனை நோக்கிச் சுட்டிய விரலே பின்னர் சமயத் தீர்ப்பாக மாறியது. அதே விரலைத்தான் இன்று பட்டம் பெறப்போகும் தமிழ் இளைஞனும் உடப்பை நோக்கி நீட்டுகின்றான். ஸ்டோன்ஹெஞ்சிலே அயன நாளிற் கூடுவோரின் சடங்குகளிற் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் மீட்டுருவாக்கப்பட்டவை. 1985இல் பொலிசாரால் தடுக்கப்பட்ட அக்கூட்டத்துக்கு 2000இலிருந்து மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதனைப் பண்பாடென வியப்பவர், தலைமுறை தலைமுறையாக வரும் தீமிதிப்பைக் காட்டுமிராண்டித்தனம் எனக் கூறுவாராயின், அது பகுத்தறிவன்று, அடிமை மனப்பான்மையே.

தணல் சுடாமைக்குப் பௌதிக விளக்கம் உண்டு. எரிந்த மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும்; பாதம் அதிற் படிவதும் கணப்பொழுதே. 1935இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்பவரைத் தணலில் நடக்கச் செய்து இதனைப் பரிசோதித்தனர். ஆனால் இவ்விளக்கத்தால் நேர்த்தியின் பொருள் அழிந்துவிடுவதில்லை. நோயுற்ற பிள்ளைக்காகவும் கடலிலிருந்து உயிரோடு மீண்டமைக்காகவும் நேர்ந்து, விரதமிருந்து, உணவையும் உறக்கத்தையும் சினத்தையும் அடக்கித் தீக்குழியின் விளிம்பில் நிற்பவன் தன் ஆண்டைத் தானே நிறுத்துப் பார்க்கின்றான். இந்த அகத்தாய்வை ஊரறிய, உடலால் செய்கின்றான். தனியறையில் நாட்குறிப்பு எழுதுவதை மட்டும் சிந்தனை என மதிப்பவர்க்கு இது விளங்காது.

இதனால் சடங்கு முழுவதும் தூயது எனக் கொள்ளவேண்டியதில்லை. முதன்மை யாருக்கு, செலவு யார் தலையில், மரியாதை எவர் கைக்கு என்னும் வினாக்கள் கோயில்தோறும் உண்டு. இலங்கைத் தமிழ் மீனவரின் சடங்கையும் அதிகாரத்தையும் ஒருசேர ஆராய்ந்து யப்பானிய மானிடவியலாளர் மசகசு தனகா 1991இல் நூல் வெளியிட்டார். கடல்கடந்து வந்த ஒருவருக்கு இயன்ற பொறுமை, சில மணித்தியாலப் பயணத்தில் உடப்பை அடையக்கூடிய பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு இயலாதா?

இகழ்வதும் எளிது, புகழ்வதும் எளிது. வலை இழுப்போரின் அம்பாப் பாடலையும், நேர்ந்துகொண்ட தாயின் சொல்லையும், விழாச் செலவின் கணக்கையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்வது கடினம். அக்கடினமான பணியைத் தொடங்கும்வரை, உடப்பின் தீயைப் பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை எந்த விரிவுரை மண்டபத்துக்கும் இல்லை.