புதிய வட்டுக்கு மாறலாமா? முதலில் அளந்து பாருங்கள்!

மாணவர்களே, நம் ரெங்கத்தில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் பழைய வி.சி.டி. கட்டு ஒன்று இருக்கும். ஒரு தமிழ்ப் படம் பார்க்க இரண்டு, மூன்று வட்டுகளை மாற்றிய கதையை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். பிறகு டி.வி.டி. வந்தது. 2006இல் புளூ-ரே, 2016இல் 4கே புளூ-ரே வந்தன. "சார், புதியதற்கு மாறினால் நல்லதா?" என்று வகுப்பில் கேட்கிறீர்கள். பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து மாறாதீர்கள் என்பதே என் கருத்து.

அந்த எண்கள் பொய்யல்ல. ஒளியின் அலைநீளம் குறைந்தால் அதை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். வி.சி.டி.யைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650; புளூ-ரேக்கு 405. அதனால்தான் ஒரே அளவுள்ள வட்டில் 700 மெகாபைட் இருந்த இடத்தில் 4.7 கிகாபைட்டும், பிறகு ஓர் அடுக்கில் 25 கிகாபைட்டும் அடங்கின.

ஆனால் பார்ப்பது நம் கண். ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் நல்ல கண் பிரித்தறியும். மூன்று மீட்டரில் அது 0.9 மில்லிமீட்டர். 32 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். அதை வட்டின் கிடைப்புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். வி.சி.டி.யின் 352 புள்ளிகளில் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர்; படம் மங்கல்தான். டி.வி.டி.யின் 720 புள்ளிகளுக்கு 1 மில்லிமீட்டர். புளூ-ரேயின் 1920 புள்ளிகளுக்கு 0.37, 4கே என்றால் 0.18. மூன்று மீட்டரில் அமர்ந்தால் புளூ-ரேயின் புள்ளியையே கண் பிரித்தறியாது. பிறகு 4கே எதற்கு? பெரிய திரை இருந்தால், அருகில் அமர்ந்தால் பயன் உண்டு. நிறங்கள் மேம்படலாம், ஆனால் அதைக் காட்டும் திறன் தொலைக்காட்சிக்கும் வேண்டும்.

மூலத்தையும் பாருங்கள். 1964இல் வந்த 'கர்ணன்' திரைப்படம் டிஜிட்டல் முறையில் சீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தது. படச்சுருளில் விவரம் இருந்ததால்தான் அது முடிந்தது. வி.சி.டி.யில் பதிவான திருமணக் காட்சியைப் புளூ-ரேயில் ஏற்றினாலும் இல்லாத விவரம் வந்துவிடாது.

ஆனால் அந்தத் திருமண வட்டுதான் உங்கள் வீட்டின் உண்மையான செல்வம். திரைப்படம் வேறு எங்காவது கிடைக்கும். மறைந்த தாத்தா சிரித்துப் பேசும் காட்சி அந்த ஒரு வட்டில் மட்டுமே இருக்கலாம். இப்படி வீட்டிலும் கடையிலும் பதிவு செய்த வட்டுகள் பெரும்பாலும் சாயப் படலத்தில் தகவலைத் தாங்கியுள்ளன. வெயில், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் அதைக் கெடுக்கும்; நம் ஊரிலோ மூன்றுக்கும் குறைவில்லை.

ஆகவே, புதிய கருவிக்குப் பணம் கேட்கும் முன், இந்தப் பள்ளி விடுமுறையில் வட்டு படிக்கும் கணினி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அந்த வட்டுகளை நகலெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதன் பிறகு அளவுநாடாவை எடுத்து, நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து, மாறுவதா வேண்டாமா என்று அப்பா அம்மாவிடம் கணக்கோடு பேசுங்கள்.