வெறும் வயிற்றோடு சைக்கிள் ஏறாதீர்கள்

தோட்டத்து வாலிபர்களே! ஞாயிறு விடிந்தால் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் பசியாறாமல் கிளம்புவது வீரம் அல்ல என்பதே என் அபிப்பிராயம்.

சென்ற மாதம் மேட்டில் மயங்கி விழுந்த ஒரு தம்பியைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார்கள். "காலையில என்னப்பா சாப்பிட்டே?" என்றேன். "வெறும் தே ஓ தாங்கய்யா" என்றான்.

உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, இரண்டு மணி நேரம் கடுமையாக மிதித்தால் ஏறக்குறைய தீர்ந்துபோகும். பசித்த பிறகு தின்றால் உடனே தெம்பு வராது. ஆகவே இரண்டு மணி நேரம் முன்னதாகவே இட்லியோ சோறோ சாப்பிடுங்கள். வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது.

வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் என்னை வந்து பாருங்கள்.

காசைக் கொட்டி பாக்கெட் சத்துணவு வாங்க வேண்டியதில்லை. டயருக்குக் காற்று பார்க்கிறவன் தன் வயிற்றையும் பார்க்க வேண்டாமா?