புதிர் தெரிகிறது, விரல் இல்லை: தொடுதிரைக் காலமும் தீவகத்தின் கைகளும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தோம். பெரியம்மாவின் ஆண்டுத் திவசம். என்னோடு அக்காவின் மகன், பதினொரு வயதுப் பெடியன். சாமான்கள் வாங்க யாழ்ப்பாணம் வந்திருந்த பெரியம்மாவின் மகனும் துறையில் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவரை நான் அண்ணை என்பேன். 2009 இல் வன்னியில் விழுந்த ஷெல் ஒன்று அவருடைய வலது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் எடுத்துவிட்டது. இடது கையில் விரல்கள் உண்டு. ஆனால் நரம்பு பாதிக்கப்பட்டதால் அவை நடுங்கிக்கொண்டே இருக்கும்.

படகு புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் இணையம் போய்விட்டது. மருமகன் இணையம் இல்லாமலும் ஓடும் ஒரு புதிர் விளையாட்டைத் தொலைபேசியில் திறந்தான். ஒரு சதுரத்துக்குள் வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி, சிவப்பு வாகனத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரக்கணக்கு உண்டு.

ஒரு கட்டத்தில் பெடியன் திணறினான். பக்கத்தில் இருந்த அண்ணை எட்டிப் பார்த்து, "உந்த லொறியை மேலை தள்ளு, பிறகு மஞ்சளை இடப்பக்கம் எடு" என்றார். கதவு திறந்ததுபோல வழி விட்டது. அடுத்த கட்டமும் அப்படியே. மூன்றாவதில் பெடியன் தொலைபேசியை அவரிடமே நீட்டினான். "மாமா, இந்தமுறை நீங்கள் விளையாடுங்கோ."

அவர் இடது கையின் சுட்டுவிரலை வைத்தார். விரல் நடுங்க, வாகனம் பாதிவழியில் திரும்பி வந்து நின்றது. மறுபடி வைத்தார். பக்கத்து வாகனம் நகர்ந்தது. வலது கையின் எஞ்சிய பகுதியால் தள்ளிப் பார்த்தார். திரை அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நேரம் முடிந்தது. "தோல்வி" என்று திரையில் வந்தது. உதவி வேண்டுமானால் காசு கட்டி வாங்கலாம் என்று கூடவே ஓர் அறிவிப்பு.

"எனக்கு வழி தெரியுது தம்பி. கைதான் கேக்குதில்லை" என்று சொல்லி அண்ணை தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு வகைக் கடினம்

ஒரு புதிர் கடினமாக இருப்பதில் தவறில்லை. கடினம் இல்லாவிட்டால் அது புதிரே இல்லை. மண்ணில் கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளால் மறிப்பது இலேசான காரியமல்ல. ஆனால் அந்தக் கடினம் முழுவதும் யோசிப்பதில் இருக்கிறது. கல்லை எந்தக் கையாலும் எடுத்து வைக்கலாம். கையே இல்லாதவர் "அந்த ஆட்டை அங்கை வை" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் வைப்பார். அதனால் ஆட்டம் கெட்டுப்போகாது.

படகில் நாங்கள் பார்த்த விளையாட்டின் மூலவடிவமும் அப்படித்தான். ஜப்பானியப் புதிர் வல்லுநர் நொபுயுகி யோஷிகஹாரா உருவாக்கிய இந்தப் புதிர், 1996 இல் 'ரஷ் அவர்' என்ற பெயரில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. அதில் வாகனங்களை முழங்கையாலும் தள்ளலாம், பென்சில் நுனியாலும் தள்ளலாம். மணிக்கூடு கிடையாது.

அதே புதிர் தொடுதிரைக்குள் வந்தபோது இரண்டாவது கடினம் ஒன்று சேர்ந்துகொண்டது. விரலைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும், எடுக்காமல் இழுக்க வேண்டும், நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இது மூளைக்கு வைக்கும் சோதனை அல்ல, தசைக்கும் நரம்புக்கும் வைக்கும் சோதனை. விளையாட்டு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வழி தெரியாமல் தோற்றவரும் விரல் இல்லாமல் தோற்றவரும் அதன் கணக்கில் ஒன்றே.

இலவச விளையாட்டுகளில் இந்தக் கணக்கு வியாபாரமாகவும் இருக்கிறது. 2012 இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர்கள் தரப்படும். தோற்கத் தோற்க அவை குறையும். இழந்த ஓர் உயிர் திரும்ப வர முப்பது நிமிடம் ஆகும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுக்கலாம். தோல்விக்கு விலை வைக்கும் இந்த ஏற்பாட்டில், கை நடுங்குகிறவர் மற்றவரைவிட அதிகம் காத்திருக்கிறார், அல்லது அதிகம் கொடுக்கிறார்.

திரை மாறிய கதை

தொடுதிரை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2004 இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரை அழுத்தத்தை உணர்வது. நகம், குச்சி, பிளாஸ்டிக் செயற்கை விரல் என எதனால் அழுத்தினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அதற்கு முந்திய 1989 இன் கேம் போயில் தொடுதிரையே இல்லை. பொத்தான்கள்தான். டெட்ரிஸ் கட்டைகளைத் திருப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே தடவி அறியலாம்.

2007 இல் ஐபோன் வந்தபின் மின்னேற்றத்தை உணரும் திரை வழமையாகிவிட்டது. இந்தத் திரையின் மேற்பரப்பில் மெல்லிய மின்புலம் இருக்கும். மனிதத் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் படும் இடத்தில் அந்தப் புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. இந்தத் திரை அழுத்தத்தைக் கேட்காது, மென்மையானது, ஒரே நேரத்தில் பல விரல்களை அறியும். ஆனால் சாதாரண பிளாஸ்டிக் செயற்கைக் கையை அது அறியாது. விரல் இழந்த கையின் அகலமான பகுதி பட்டால், தவறுதலாகப் பட்ட உள்ளங்கை என்று எண்ணித் தள்ளிவிடவும் கூடும்.

தொழில்நுட்பம் முன்னேறியது உண்மைதான். ஆனால் அந்த முன்னேற்றத்தில் பழைய திரையைப் பயன்படுத்தக்கூடியதாக இருந்த சில கைகள் வெளியே நின்றுவிட்டன.

தீவகத்தின் கைகள்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று எங்கே போனாலும் இது அண்ணை ஒருவரின் பிரச்சினை மட்டுமல்ல என்பது தெரியும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்த படுகொலையிலிருந்து வெட்டுக்காயங்களோடு தப்பியவர்கள் இந்தத் தீவுகளின் மக்கள். 1990 களின் தொடக்கத்தில் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்து வன்னி வரை போய், கடைசிப் போரின் காயங்களோடு திரும்பியவர்களும் உண்டு. போர் முடிந்தது. அவர்களுடைய கைகள் அப்படியே இருக்கின்றன.

போர் தொடாத கைகளையும் பாருங்கள். காலையில் நண்டு வலை கழற்றும் தொழிலாளியின் விரலில் உப்புநீர் இருக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் ஒரு துளி திரையில் விழுந்தாலே கருவி குழம்பி, தொடாத இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். பனை ஏறிக் காய்த்துப்போன விரல்களின் தடித்த தோலை அது சில வேளைகளில் உணராமலே விடும். வயதானவர்களின் நடுக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோர் ஏதோவொரு வகை இயலாமையோடு வாழ்கிறார்கள். தொடுதிரையை வடிவமைப்பவர் மனத்தில் வைத்திருக்கும் உலர்ந்த, மெல்லிய, நடுங்காத விரல் எங்கள் ஊரில் எல்லோருக்கும் வாய்த்ததல்ல.

விளையாட்டை மூடிவிடலாம், அரச செயலியை?

விளையாட்டு என்றால் பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். அண்ணையும் அதைத்தான் செய்தார். ஆனால் வாழ்க்கையின் மற்ற அலுவல்களும் அதே கண்ணாடிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. 2025 பெப்ரவரியில் அரச நிறுவனங்களுக்கான கட்டணங்களை இணையவழியில் செலுத்தும் கவ்பே முறை தொடங்கப்பட்டது. விரல் ரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளங்களைப் பதியும் டிஜிற்றல் தேசிய அடையாள அட்டை, இந்திய உதவியோடு திட்டமிடப்பட்டுள்ளது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஒரு படிவத்துக்காக நெடுந்தீவிலிருந்து படகேறிப் போய் ஒரு முழுநாளை இழக்கும் மக்களுக்கு, அந்த வேலையை வீட்டிலிருந்தே முடிக்க முடிவது பெரிய விடயம்.

எனது கேள்வி வேறு. சில நிமிடங்களில் காலாவதியாகும் இரகசிய எண்ணை நடுங்கும் விரலால் எப்படித் தட்டுவது? திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் அண்ணை என்ன செய்வது? ஒரு நிறுவனத்தின் செயலியில் அவருக்கு அப்படித்தான் நடந்தது. மூன்று தடவை முயன்றார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பியது. விளையாட்டு "தோல்வி" என்று சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றுதான். இங்கே மூடிவிட்டுப் போக முடியாது.

விரல் ரேகை விடயத்தில் இந்தியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் அட்டை கிடைக்காமல் இருந்தது. 2023 டிசெம்பரில் மத்திய அரசு தலையிட்ட பிறகே பதிவு நடந்தது. விரல் ரேகை பெற முடியாதவர்களைக் கருவிழியை வைத்துப் பதிய விதியில் ஏற்கனவே இடம் இருந்தது. பதிவு நிலையத்தில் இருந்தவர் அதைக் கையாளவில்லை என்பதுதான் பிரச்சினை. போரில் விரல் இழந்தவர்கள் வாழும் வடக்கு கிழக்கில், முதல் நாளிலேயே இதற்கு விடை இருக்க வேண்டும்.

விடை புதியதல்ல

இதற்கெல்லாம் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இணைய உள்ளடக்கத்துக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டியின் 2018 பதிப்பு, விரலால் கோடு இழுத்துச் செய்யும் செயலை ஒற்றைத் தட்டலாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 2023 ஒக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்து நகர்த்தும் எந்தச் செயலுக்கும் இழுக்காத மாற்றுவழி ஒன்றைக் கேட்கிறது. நேர எல்லை இருந்தால் அதை நிறுத்தவோ நீட்டவோ வசதி வேண்டும் என்பது அதற்கும் முந்திய விதி. தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலமாவது இருக்க வேண்டும் என்று அன்ட்ரொயிட் தரப்பு நீண்ட காலமாகவே பரிந்துரைக்கிறது.

விளையாட்டுத் துறையிலும் முன்னுதாரணங்கள் உண்டு. 2018 இல் மைக்ரோசொஃப்ட், விரல்களால் பிடிக்க முடியாதவர்களுக்காகப் பெரிய பொத்தான்களோடு தனியான ஒரு இயக்கி வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டு, வேகத்தைக் குறைத்து ஆடும் வசதியைத் தந்தது. அதனால் யாருடைய வெற்றியும் மலிந்துபோகவில்லை.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தகவல் தொழில்நுட்பத்தை எல்லோரும் அணுகக்கூடியதாகச் செய்வது அந்தச் சமவாயத்தின் கடமைகளில் ஒன்று.

2022 எரிபொருள் நெருக்கடியில் வந்த கியூஆர் முறையை நினைத்துப் பார்க்கலாம். பதிவை வேறொருவர் செய்து கொடுக்கலாம். குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். விரல் இல்லாதவரும் வரிசையில் நின்று எண்ணெய் அடித்தார். ஆடுபுலியில் "நீ வை" என்று சொல்வதுபோல, இன்னொருவர் கையைக் கடன் வாங்க அந்த முறை இடம் விட்டது.

ஆகவே அரசாங்கம் கொண்டுவரும் ஒவ்வொரு செயலியிடமும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இழுக்காமல் தட்டி மட்டும் இதைச் செய்ய முடியுமா? மணிக்கூட்டை நிறுத்த முடியுமா? திரையே முடியாதவருக்குப் பிரதேச செயலகத்தில் கடதாசி வழி திறந்திருக்கிறதா? கேட்க வேண்டியவர்கள் எங்கள் பிரதேச சபை உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும். சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அண்ணையைப் போன்றவர்கள். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் உலர்ந்த விரல்களை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது.

திவசம் முடிந்து திரும்பிய வாரம், யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் இறப்பர் முனை கொண்ட தொடுபேனா ஒன்று வாங்கி அண்ணைக்கு அனுப்பினேன். அதன் உலோகத் தண்டு தோலில் பட்டால்தான் திரை உணரும். அவர் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அதை வலது மணிக்கட்டோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார். நேரக்கணக்கை நிறுத்தும் வழியை மருமகன் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தான். அமைப்புகளுக்குள் நான்கு படி உள்ளே அது ஒளிந்திருந்தது.

போன ஞாயிறு அண்ணை அழைத்தார். நூறு கட்டமும் முடிந்துவிட்டதாம். "உது சின்னப் பிள்ளையளின்ர கணக்கு. இதைவிடக் கஷ்டமானது ஏதும் இருந்தா அனுப்பு" என்றார்.