தோற்ற காளையும் தோற்ற ஒட்டகமும்

விளையாட்டுக் களத்தில் ஆடுவோர் சிலர், காண்போர் பலர். ஆடுவோர்க்குத் தோல்வியைத் தாங்கும் பயிற்சி உண்டு, பயிற்றுநர் இருக்கிறார், அடுத்த ஆட்டமும் காத்திருக்கிறது. காண்போர்க்கோ அப்பயிற்சியைத் தருவார் எவரும் இலர். அதனாலேதான் தோற்றவர் தலைகவிழ்ந்து களத்தைவிட்டு அகல, பார்த்தவர் கொதித்தெழக் காண்கிறோம். இரசிகரின் இக்கொதிப்பு எங்கே பிறக்கிறது, எவர்மீது பாய்கிறது, அதனை நெறிப்படுத்த நம் மரபில் வழியுண்டா என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்து ஓட்டங்களின் துயரம்

2024 மே 18, சனிக்கிழமை இரவு. பெங்களூரு சின்னசாமி அரங்கில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணியும் ஐ.பி.எல். தொடரில் தத்தம் கடைசி லீக் ஆட்டத்தில் மோதின. பிளே ஆஃப் சுற்றுக்குச் செல்ல ஓர் இடமே எஞ்சியிருந்தது. பெங்களூரு 5 விக்கெட் இழப்புக்கு 218 ஓட்டங்கள் குவித்தது. சென்னைக்கு வெற்றிகூடத் தேவைப்படவில்லை. 201 ஓட்டங்களை எட்டித் தோற்றாலும் ஓட்ட விகிதத்தால் அடுத்த சுற்று உறுதி. கடைசி ஓவரில் 17 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. முதற்பந்தைத் தோனி அரங்கின் கூரைக்கு மேல் சிக்சராக அனுப்பினார், மறுபந்திலேயே ஆட்டமிழந்தார். அதன்பின் வந்தது ஒரே ஓட்டம். 191 ஓட்டங்களோடு ஆட்டம் முடிந்தது. முந்தைய ஆண்டின் வாகையர், பத்து ஓட்டக் குறைவால் வெளியேறினர்.

மறுநாள் வத்தலக்குண்டின் தேநீர்க் கடைகள் விசாரணை மன்றங்களாயின எனில் மிகையன்று. கொடைக்கானல் பேருந்துக்குக் காத்திருந்தோரும் அவ்வழக்கில் சாட்சி கூறினர். முதற்பந்திலேயே ஆட்டமிழந்த அணித்தலைவர் குற்றவாளி. பந்துகளை வீணடித்தவர் குற்றவாளி. கடைசி இரு பந்துகளில் ஓட்டம் எடுக்காதவர் பெருங்குற்றவாளி. கைப்பேசித் திரைகளிலோ சொல்லத்தகாத சொற்களும் உலவின.

ஈண்டு ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். அத்தொடரில் சென்னை 14 ஆட்டங்கள் ஆடி ஏழில் தோற்றது. பெங்களூருவும் ஏழில் தோற்றது. அதுவும் முதல் எட்டு ஆட்டங்களிலேயே ஏழு தோல்விகள். இரு அணிகளும் பெற்ற புள்ளிகள் 14. நிகர ஓட்ட விகிதத்தில் ஒன்று 0.459, மற்றொன்று 0.392. இந்த மெல்லிய வேறுபாடு பதினான்கு ஆட்டங்களிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த கணக்கு. ஏப்ரலில் விட்ட ஓட்டமும் மே மாதத்தில் விட்ட ஓட்டமும் அக்கணக்கில் ஒரே மதிப்புடையனவே. ஆயினும் முன்னைய ஆறு தோல்விகளும் மறக்கப்பட்டன. ஏழாவதன் கடைசி ஓவரை எதிர்கொண்டவர் தலைமேல் முழுப்பழியும் ஏற்றப்பட்டது. பருவத்தின் இறுதியில் வரும் தோல்வி, பருவம் முழுவதன் சுமையையும் ஒருவர் தோளில் இறக்கிவைத்துவிடுகிறது. மனம் ஆராய விரும்புவதில்லை, ஆளைத் தேடுகிறது.

காரியைச் சுட்டவர்

இம்மனநிலையை நம் ஊரில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் வெளிவந்த ‘வாடிவாசல்’ நாவலில் படம்பிடித்திருக்கிறார். தன் தந்தையைக் குத்திக் கொன்ற காரி என்னும் காளையை அடக்க வருகிறான் பிச்சி. அக்காளை ஜமீன்தாருடையது, எவராலும் அணுகப்படாதது, அவரது பெருமையின் உருவம். பிச்சி அதனை அடக்கிவிடுகிறான். வென்ற பிச்சியின்மீது ஜமீன்தாரின் சினம் பாயவில்லை. அடக்கப்பட்ட காரியை இறுதியில் அவரே சுட்டு வீழ்த்துகிறார்.

தோல்வியடைந்த இரசிகரின் இயல்பும் இதுவே. பகை அணியை அவர் இரண்டு நாளில் மறந்துவிடுவார். தம் அணியில் தவறியவரை மன்னிக்க மாட்டார். தம் பெருமையைச் சுமந்தது அக்காளை. ஆகவே தம் அவமானத்துக்கும் அதுவே விலை கொடுக்க வேண்டும் என்பது அவரது தீர்ப்பு. இது கதையில் மட்டும் நடப்பதன்று. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தில் அமெரிக்காவுக்கு எதிராகத் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தவறிச் செலுத்திய கொலம்பிய வீரர் ஆந்த்ரே எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாள்களில், ஜூலை 2ஆம் நாள், மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் நாட்டில் துப்பாக்கி வெடிக்கவில்லை, சொல் வெடித்தது. 2021 அக்டோபர் 24இல் துபாயில் இந்தியா பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பந்துவீசிய அனைவருமே விக்கெட் எடுக்கவில்லை. எனினும் முகமது ஷமியின்மீது மட்டும் அவரது மதத்தைச் சுட்டி வசை பொழியப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சைத் தவறவிட்ட அர்ஷ்தீப் சிங், சீக்கியர் என்பதற்காகவே தூற்றப்பட்டார். தோல்விக்கு ஆளைத் தேடும் மனம், எளிதில் அடையாளம் காணத்தக்க ஆளையே முதலில் பிடிக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். அப்போது அணித்தலைவர் விராட் கோலி ஷமியின் பக்கம் வெளிப்படையாக நின்றார். அதே ஷமி 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தித் தொடரிலேயே முதலிடம் பெற்றார். தூற்றியவர்களுள் எத்தனை பேர் அன்று கைதட்டினரோ! ஆனால் மறுநாள் கைதட்டுவதால் முன்னாள் எறிந்த சொல் திரும்பிவிடுவதில்லை.

தேநீர்க் கடையில் ஒரு வீரரைத் திட்டுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என மாணவர் கேட்கக்கூடும். அளவில் வேறுபாடு உண்டு, ஊற்று ஒன்றே. ஆட்டத்தைக் குறைகூறும் நாக்கு ஆளைக் குறைகூறத் தொடங்கும் இடமே எல்லைக்கோடு. அதனைத் தாண்டிய சொல், அடுத்து அவரது ஊரையும் சாதியையும் மதத்தையும் நோக்கி ஓடுவதற்கு நெடுநேரம் ஆகாது.

முந்தப்பட்ட ஒட்டகம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்னும் பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் எதனாலும் முந்தப்படாதது. ஒருநாள் பாலைநிலத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். நபித்தோழர்கள் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தை நாயகம் அவர்கள் உணர்ந்துகொண்டார்கள். உலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என அவர்களைத் தேற்றினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் இடம்பெற்ற செய்தி இது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, தோழர்களின் வருத்தம் கண்டிக்கப்படவில்லை. விருப்பமானது தோற்றால் மனம் வாடுவது மனித இயல்பு. மற்றொன்று, எவர்மீதும் பழி சுமத்தப்படவில்லை; ஒட்டகமும் குறைகூறப்படவில்லை, முந்தியவரும் வெறுக்கப்படவில்லை. காரிக்கு நேர்ந்ததையும் அள்பாவுக்கு நேர்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தோல்வியை எதிர்கொள்ளும் இரு வழிகளும் விளங்கும்.

விளையாட்டினும் பன்மடங்கு பெரிதான உஹதுப் போரிலும் இந்நெறியே காணப்படுகிறது. ஹிஜ்ரி 3இல் நடந்த அப்போரில், மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட வில்லாளர்களுள் பலர் இடத்தைவிட்டு அகன்றனர், வெற்றி கைநழுவியது, தோழர் எழுபதின்மர் உயிரிழந்தனர். யாரால் நேர்ந்தது என்பது அனைவரும் அறிந்ததே. எனினும் தவறியவர்களை மன்னிக்கவும், தொடர்ந்து அவர்களோடு கலந்தாலோசிக்கவும் ஆல இம்ரான் அத்தியாயத்தில் இறைவன் பணிக்கிறான். மன்னிப்பதோடு நில்லாமல் ஆலோசனைக்கும் அழைப்பது, தோற்றவரை மீண்டும் சமூகத்துக்குள் அமர்த்தும் செயலாகும்.

சங்கத் தமிழும் தோற்றவரைத் தள்ளிவைத்ததில்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் வடக்கிருந்து உயிர்துறந்தான். வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, தோற்ற அச்சேரனே அவனினும் நல்லவன் எனப் பாடினார். வென்றவன் முகத்தெதிரே தோற்றவனுக்கு மதிப்பளிக்கும் துணிவும், அதனைக் கேட்டிருக்கும் பண்பும் இம்மண்ணில் அன்றே இருந்தன.

சேப்பாக்கம் காட்டிய வழி

அப்பண்பு ஏட்டோடு மறைந்துவிடவில்லை. 1999 ஜனவரியில், டெல்லி ஆடுகளம் தோண்டிச் சேதப்படுத்தப்பட்ட அதே மாதத்தில், பாகிஸ்தான் அணி சென்னையில் டெஸ்ட் ஆடியது. 271 ஓட்டங்கள் இலக்கு. சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு போராடி 136 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டங்களே தேவை. மூன்று விக்கெட்டுகள் கையில் இருந்தன. அவை நான்கே ஓட்டங்களில் வீழ்ந்தன. பன்னிரண்டு ஓட்டத் தோல்வி. சேப்பாக்கம் அரங்கம் ஒரு கணம் உறைந்தது. பின் எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தான் வீரர்கள் அரங்கைச் சுற்றி ஓடி அவ்வாழ்த்தை ஏற்றனர். அடுத்த மாதம் கொல்கத்தாவில் நடந்த டெஸ்டில் பார்வையாளரை வெளியேற்றிவிட்டு வெற்று அரங்கில் ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது என்பதை நினைத்தால் சென்னையின் பெருமை விளங்கும்.

அன்று கைதட்டியவர்க்கு வருத்தம் இல்லையா? கண்ணீர் விட்டவர் பலர். வருத்தமும் பெருந்தன்மையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதையே அவர்கள் மெய்ப்பித்தனர். நமக்கு அண்மையில் பெரியகுளத்தில் கோடைதோறும் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குச் சென்றவர் இதன் எளிய வடிவத்தைக் காணலாம். ஆடுவோர் பெரும்பாலும் அயலூரார்; எனினும் நல்ல ஆட்டத்துக்கு நம் மக்களின் கைதட்டல் குறைவதில்லை. ஆட்டத்தையே விரும்பிச் செல்பவர் எவர் வென்றாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

உயர்ந்தது தாழும் என்னும் நியதியும் பொய்க்கவில்லை. 2025இல் பெங்களூரு அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றது. ஐந்து முறை வென்ற சென்னை, பட்டியலில் கடைசி இடத்தில் நின்றது. நாளை இது மாறலாம்.

ஆகவே மாணாக்கர்க்கு நாம் கூறவேண்டுவது, ‘விளையாட்டைப் பார்க்காதீர்’ என்பதன்று. பாருங்கள், கொண்டாடுங்கள், தோற்றால் வருந்துங்கள், ஆட்டத்தின் குறைகளை ஆராய்ந்து வாதிடுங்கள். ஆனால் ஆடியவரின் பிறப்பையும் மதத்தையும் குடும்பத்தையும் இழுக்கும் சொல் உங்கள் வாயிலும் கைப்பேசியிலும் பிறவாதிருக்கட்டும். அத்தகைய சொல்லைக் கூறுபவர் நண்பராயினும் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். சமுதாயப் பெரியோரும், பிள்ளைகள் தோற்று வந்த மாலையில் ‘யாரால் தோற்றீர்கள்?’ எனக் கேளாது, ‘எப்படி ஆடினீர்கள்?’ எனக் கேட்கும் வழக்கத்தை வீடுகளில் தொடங்குவாராக. தோற்றவனைச் சுற்றி அவன் தோழர்கள் நிற்கும் களமே நல்ல களம்; அத்தகைய களத்தில் வளர்ந்தவர் வாழ்விலும் எவரையும் எளிதில் கைவிட மாட்டார்.