தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியாதீங்க

போன தடவை மல்லிகைக்குக் கவாத்து பண்றதைப் பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை செடி இல்லை, வண்டி. நம்மள மாதிரி ஆளுக்கு வண்டியும் வீட்டு மாடு மாதிரிதான். தீனி, தண்ணி, வைத்தியம் மூணும் நேரத்துக்குப் பார்க்கணும்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். காரோ வேனோ, இஞ்சின்ல தெர்மோஸ்டாட் கெட்டுப்போச்சுன்னா அதைக் கழட்டி எறிஞ்சுட்டு சும்மா மூடி போட்டு ஓட்டாதீங்க. புதுசு வாங்கி மாட்டுங்க. அதையும் வீட்டு வாசல்ல வச்சு உங்க கையாலயே மாட்டலாம். கிணத்து மோட்டாருக்கு ஃபுட்வால்வு மாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

எங்க பக்கம் நிறைய பழைய வண்டியில இந்தச் சாமான் உள்ள இருக்கறதே இல்லை. "இஞ்சின் சூடாகுது தம்பி"ன்னு போய் நின்னா, அவர் முதல் வேலையா அதைக் கழட்டி மூலையில போட்டுடுவார். "எதுக்குப்பா?"ன்னு கேட்டா, "அண்ணே, இதெல்லாம் பனி கொட்டுற நாட்டுக்குண்ணே. நம்ம மதுரை வெயிலுக்கு எதுக்கு?"ம்பார். கேட்க நியாயமாத்தான் தெரியும். ஆனா அது நியாயம் இல்லை.

தெர்மோஸ்டாட் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா இது புரிஞ்சுடும். அது ஒரு மடை. கண்மாய்த் தண்ணியை நீர்பாய்ச்சி எப்பவும் திறந்தே விட்டுட மாட்டார். வயலுக்கு எப்ப வேணுமோ அப்பத் திறப்பார், போதும்னா அடைப்பார். அதே மாதிரி இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இது உட்கார்ந்திருக்கு. காலையில வண்டியை எடுக்கும்போது மடை மூடி இருக்கும். தண்ணி இஞ்சினுக்குள்ளயே சுத்தி சீக்கிரம் சூடாகும். சூடு ஏறினதும் மடை திறந்து தண்ணி ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுல 82, 88ன்னு ஒரு நம்பர் அடிச்சிருக்கும். அத்தனை டிகிரியில திறக்க ஆரம்பிக்கும்னு அர்த்தம். இதுக்குக் கரண்டும் கிடையாது, ஒயரும் கிடையாது. உள்ள ஒரு சின்னக் குப்பியில மெழுகு இருக்கு. சூட்டுல மெழுகு உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளும். ஆறினா ஸ்பிரிங் இழுத்து மூடிடும். அவ்வளவுதான்.

மெழுகுக் குப்பி கசிஞ்சாலோ, துரு, உப்பு படிஞ்சாலோ மடை மாட்டிக்கும். ரெண்டு விதமா மாட்டும். மூடியபடி மாட்டினா தண்ணி ரேடியேட்டருக்கே போகாது. இஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கட் போகும், விட்டுட்டா ஹெட்டே வளையும். திறந்தபடி மாட்டினா யாருக்கும் உடனே தெரியாது. வண்டி ஓடும், முள்ளு மட்டும் மேல ஏறாது. "பார்த்தியா, எவ்வளவு குளுகுளுன்னு ஓடுது"ன்னு சந்தோஷப்படுவோம். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறதும் இந்த ரெண்டாவது வியாதியை நாமே விலை கொடுத்து வாங்கற மாதிரிதான்.

குளுகுளுன்னு ஓடினா என்ன தப்புன்னு கேட்பீங்க. இஞ்சின் அதுக்குரிய சூட்டுக்கு வந்தாத்தான் பெட்ரோல் ஒழுங்கா ஆவியாகி எரியும். ஆயில் இளகி எல்லா இடத்துக்கும் போகும். எரியும்போது உண்டாகிற நீராவியில கொஞ்சம் ஆயிலோட கலக்கும். சூடு இருந்தாத்தான் அது வெளியேறும், இல்லைன்னா ஆயில் சேறு மாதிரி ஆகும். குளிர்ந்தே ஓடற இஞ்சின்ல போர் சீக்கிரம் தேயும். கம்ப்யூட்டர் வச்ச வண்டின்னா, இஞ்சின் இன்னும் சூடாகலைன்னு நினைச்சு பெட்ரோலைக் கூடவே ஊத்திக்கிட்டிருக்கும். சில இஞ்சின்ல இன்னொரு வம்பும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் ஓட்டையை அடைக்கிற மாதிரி பண்ணியிருப்பாங்க. அதைக் கழட்டிட்டா பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியிலயே சுத்தும். மலை ஏறும்போதும் பாரம் ஏத்தும்போதும் வண்டி கொதிக்கும். கொதிக்கக் கூடாதுன்னு கழட்டினது கொதிக்க வைக்கும்.

"இஞ்சின்னா ஜில்லுன்னு இருக்கணும்"கிற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பார்த்தேன். கிணத்து மேட்டு ஆயில் இஞ்சின்லருந்துதான் வந்திருக்கணும். இறைக்கிற தண்ணியிலயே கொஞ்சத்தைப் பிரிச்சு இஞ்சினுக்குள்ள விட்டு வெளியே விடுவோம். அதுல தெர்மோஸ்டாட் ஏது? ஆனா எங்க அப்பா என்ன பண்ணுவார் தெரியுமா? வெளியே வர்ற தண்ணியில கையை வச்சுப் பார்ப்பார். சில்லுன்னு வந்தா குழாயைக் கொஞ்சம் அடைப்பார். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் வரப்புப் பக்கம் போவார். படிக்காத மனுஷன். அவர் கைதான் தெர்மோஸ்டாட்டா இருந்திருக்கு. பழைய ஆளுங்க யாரும் இஞ்சினை ஐஸா வச்சு ஓட்டலை. நாமதான் பாதியை மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம்.

இது தெர்மோஸ்டாட்டோட நிக்கிற பழக்கமும் இல்லை. மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுதா? ஒயரைப் போட்டு நேரடியாக் கொடுத்துடு. ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துற சாமான் தொந்தரவு பண்ணுதா? கழட்டிடு. அப்புறம் காயில் எரிஞ்சு, மோட்டாரைத் தூக்கிக்கிட்டுப் போய் காயில் கட்டறதுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு வர்றோம். காவலுக்கு இருக்கிறது குரைச்சா, ஏன் குரைக்குதுன்னு பார்க்காம அதை அடிச்சு விரட்டறோம். தெர்மோஸ்டாட்டும் அந்தக் கணக்குதான்.

எங்க வீட்டுல இருக்கறது பழைய 800 சிசி பெட்ரோல் வேன். விடியுமுன்ன பறிச்ச பூவை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது அதுலதான். பூ நமக்காகக் காத்திருக்காது. ஏலம் முடிஞ்சு போய் நின்னா கேட்கிற விலைக்குக் கொடுத்துட்டு வரணும். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி திரும்பி வரும்போது முள்ளு கடகடன்னு மேல ஏறிச்சு. உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்திட்டேன். கொஞ்சம் ஆறினதும் பார்த்தா ரிசர்வ் டப்பாவுல தண்ணி இருக்கு, பெல்ட் நல்லா இருக்கு, ஒழுகல் இல்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணி முள்ளு ஏறுற வரைக்கும் விட்டு, ஃபேன்ல படாம ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைத் தொட்டேன். இஞ்சின் கொதிக்கிற சூட்டுல இருக்கு, ஹோஸ் சில்லுன்னு இருக்கு. மடை மூடியே மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. விட்டு விட்டு, ஆற வச்சு ஆற வச்சு மெதுவா வீடு வந்து சேர்ந்தேன்.

திறந்தபடி மாட்டியிருந்தா அடையாளம் வேற. ஸ்டார்ட் பண்ணின உடனேயே மேல் ஹோஸ் இஞ்சினோட சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெதுவெதுப்பாகும். நல்லா இருக்கிற தெர்மோஸ்டாட்டுன்னா ஹோஸ் ரொம்ப நேரம் சில்லுன்னு இருந்து, திடீர்னு சூடாகும். சில வண்டியில தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்க இந்தக் கணக்கு மாறும். நம்ம வண்டியில எங்க இருக்குன்னு முதல்ல பார்த்துக்கங்க.

இனி மாத்தற விதம். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில தொடுங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கு. திறந்தா முகத்துல பீச்சி அடிக்கும், வெந்து போகும். ஆறின பிறகு அடியில ஒரு சுத்தமான வாளியை வச்சு, ரேடியேட்டர் அடிக் குழாயைத் திறந்து கொஞ்சம் தண்ணியை இறக்குங்க. தெர்மோஸ்டாட் இருக்கிற மட்டத்துக்குக் கீழ இறங்கினாப் போதும். ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவுங்க. பிடிச்சிருந்தா திருகி அசைங்க, ஸ்க்ரூ டிரைவர் விட்டுக் குத்தாதீங்க. மூடியில பெரும்பாலும் ரெண்டு போல்ட்டு இருக்கும். கழட்டினா உள்ள தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

பழைய கேஸ்கட்டைச் சுத்தமாச் சுரண்டணும். அலுமினியம் மெத்துன்னு இருக்கும், கீறல் விழாமப் பாருங்க. கீறல் விழுந்தா அந்த வழியா ஒழுகும். சுரண்டின தூள் உள்ள விழாம ஒரு துணியை அடைச்சுக்கங்க. வேலை முடிஞ்சதும் துணியை எடுக்க மறக்கக் கூடாது.

புதுசை மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மாட்டுக்கொட்டகையில கிடக்கிற பழைய சட்டியில தண்ணி வச்சு, பழசையும் புதுசையும் நூல்ல கட்டி அடி படாமத் தொங்க விட்டு அடுப்பைப் பத்த வைங்க. சமையல் சட்டி வேண்டாம், கூலன்ட் விஷம். தண்ணி கொதிக்கிறது 100 டிகிரியில. அதுக்கு முன்னாடியே நல்லது கண்ணு முன்னாடி வாய் திறக்கும், தண்ணி ஆறினா மூடும். என்னுது பழசு தண்ணி தளதளன்னு கொதிச்சும் அசையவே இல்லை. வீட்டுல எல்லாரும் அடுப்பைச் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க.

மாட்டும்போது மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் இருக்கிற பக்கம் இஞ்சின் பக்கமா இருக்கணும். விளிம்புல ஆடுற சின்ன ஊசி இருந்தா அது மேல் பக்கம் வரணும், காத்து போறதுக்கு அதுதான் வழி. புது கேஸ்கட் போட்டு ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்திச் சமமா முறுக்குங்க. வெறி கொண்டு முறுக்கினா அலுமினிய மரை போயிடும். புது மாடல் கார் சிலதுல பிளாஸ்டிக் கூட்டோட சேர்த்தேதான் தெர்மோஸ்டாட் வரும், முழுசாத்தான் மாத்தணும்.

அப்புறம் மெதுவா கூலன்ட் ஊத்துங்க. இறக்கினது சுத்தமா, புதுசா இருந்தா வடிகட்டி அதையே ஊத்தலாம். மூடியைத் திறந்து வச்சபடியே இஞ்சினை ஓட விடுங்க. குமிழ் குமிழா காத்து வரும். மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் இறங்கும், அப்ப நிரப்பி மூடுங்க. ஃபேன் ஓடி நிக்குதான்னு பாருங்க. மறுநாள் காலையில வண்டி ஆறியிருக்கும்போது மட்டத்தை இன்னொரு தடவை பார்த்தா வேலை முடிஞ்சுது. எனக்கு எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம். தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் 450 ரூபாய்.

மூணு எச்சரிக்கை. ஒண்ணு, போர்வெல் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க. டிரிப் குழாயில வெள்ளையா உப்பு படியுதே, அதேதான் இஞ்சினுக்குள்ளயும் படியும். தெர்மோஸ்டாட் மாட்டிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊத்துங்க. டிரிப் கழுவுற ஆசிட்டை ஊத்திச் சுத்தம் பண்ணலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அலுமினியத்தை அரிச்சிடும். ரெண்டு, இறக்கின கூலன்ட் இனிப்பா இருக்கும். நாயும் ஆடும் நக்கும், செத்துப் போகும். வாசல்லயோ வாய்க்கால்லயோ ஊத்தாம கேன்ல மூடி, பிள்ளைங்க கைக்கு எட்டாம வச்சு ஒர்க் ஷாப்புல கொடுங்க. மூணு, எல்லாச் சூட்டுக்கும் தெர்மோஸ்டாட் காரணம் இல்லை. ஃபேன் ஓடாட்டியும், வாட்டர் பம்ப் போனாலும், ரேடியேட்டர் அடைச்சாலும் சூடாகும். ரேடியேட்டர்ல விடாம குமிழ் வந்தாலோ, ஆயில் காபி நிறத்துல மாறினாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அப்ப நாம கையை வைக்காம மெக்கானிக்கைக் கூப்பிடறதுதான் புத்தி.

மெக்கானிக் தம்பிங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. நடுரோட்டுல வண்டி கொதிச்சு நிக்குது, சாமான் கிடைக்காது, வீடு போய்ச் சேரணும். அப்ப கழட்டிட்டு ஓட்டிட்டு வரலாம், நானே ஒத்துக்கறேன். ஆனா அது கை உடைஞ்சவனுக்குத் துண்டுல தூளி கட்டற மாதிரி. மறுநாள் கட்டுப் போடணும். துண்டோட விட்டுடக் கூடாது. நம்ம ஆளுங்களும் "புதுசு போடுப்பா, காசு தர்றேன்"னு சொல்றதில்லை. "எதையாவது பண்ணி ஓட வையி"ன்னுதான் சொல்றோம். அவர் எதையாவது பண்ணி ஓட வச்சிடறார்.

அதனால பழைய வண்டி வச்சிருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணி, முள்ளு பாதிக்கு வந்து நிக்குதான்னு பாருங்க. ரொம்ப தூரம் ஓட்டியும் அடியிலயே படுத்துக் கிடந்தா, உங்க வண்டியில மடை இல்லை, இல்லைன்னா மாட்டிக்கிட்டு இருக்கு. சில வண்டியில முள்ளே பழுதா இருக்கும், அதனால ஹோஸையும் தொட்டுப் பாருங்க. சந்தேகம் உறுதியாச்சுன்னா ஒரு ஞாயித்துக்கிழமை காலையை அதுக்கு ஒதுக்குங்க. ஒரு நாள் பூ ஏலத்தைத் தவற விட்டா போற காசுல இந்தச் சாமான் ரெண்டு மூணு வாங்கலாம்.