நம் நாட்டிலும் பருவங்கள் உண்டு

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் கொண்டது நம் மலேசிய நாடு என்று மாணவர்கள் படிக்கின்றனர். இது பிழையன்று; ஆயினும் போதாது. இவ்வொரு வரியோடு நின்றுவிடும் சிறுவர், நம் நாட்டில் பருவங்களே இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். கார், கூதிர், முன்பனி எனத் தமிழர் வகுத்த ஆறு பருவங்களையும் பிழையின்றி ஒப்பிப்பர். தம் தோட்டத்தில் எந்த மாதத்தில் மழை மிகும் என்று கேட்டால் விழிப்பர். அவர்தம் பெற்றோரோ அதனை நன்கறிவர். அவ்வறிவு பள்ளிக்குள்ளும் வரவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

நம் நாட்டில் பருவத்தை அமைப்பது காற்றின் திசையே. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் பெருமழையாய்ப் பொழிகிறது. இடையில் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்பதால் மேற்குக் கரைக்கு அம்மழை குறைந்தே வருகிறது. கெடாவிலும் பெர்லிசிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டு கிடக்கும். மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது சுமத்திராவின் மலைகள் மழையைத் தடுக்கின்றன. இரு காற்றுகளும் மாறும் இடைக்காலங்களில்தான், அதாவது ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும், மேற்குக் கரையில் பிற்பகல் தோறும் இடியோடு மழை கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையை அடைமழைக் காலம் என்னும் வழக்கைத் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் கொண்டுவந்தனர். இங்கும் அம்மாதங்களில் மழை மிகுந்தமையால் அவ்வழக்கு நிலைத்தது போலும்.

பால்மரம் வெட்டுவோருக்கு எவ்வளவு பெய்தது என்பதினும் எந்நேரத்தில் பெய்தது என்பதே பெரிது. பால்வெட்டு, குளிர்ந்த விடியற்பொழுதிலேயே தொடங்குகிறது. அப்பொழுதுதான் பால் நன்கு வடியும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்காமல் மரமெங்கும் பரவி வீணாகும். மங்கில் சேர்ந்ததும் மழைநீரோடு கலந்துவிடும். ஆதலின் பிரட்டுக்கு வந்தவர்கள் வானத்தையும் மரத்தையும் பார்த்துக் காத்து நிற்பர். பிற்பகலில் பெருமழை கொட்டினாலும், காலையில் எடுத்த பால் அதற்குள் நிறுத்துக் கொடுக்கப்பட்டிருக்கும். விடியுமுன் பெய்யும் அரைமணி நேர மழையோ ஒரு நாள் கூலியைக் கொண்டுபோய்விடும்.

தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியற்காலையில், காற்றோடு பாய்ந்து வரும் மழைக்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். மழை குறைந்த பருவம் என்று கணக்கில் காணும் அம்மாதங்களிலும் வெட்டு நின்றுபோவது இதனாலன்றோ! பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கையில் பால் குறைவதும் தொழிலாளர் வீட்டுக்கு ஒரு பருவமே.

பால்மரங்கள் நின்ற நிலங்களிற் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதே அரிது. ஆயினும் மழை நகரத்தாரை விட்டுவிடுவதில்லை. 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளம், வழக்கமான பருவத்தில் வழக்கமான கரையில் வந்தது. 2021 டிசம்பரிலோ மேற்குக் கரையிலுள்ள ஷா ஆலாமே மூழ்கியது. மலைத்தொடருக்கு இப்பால் இருக்கிறோம் என்னும் நம்பிக்கை எப்பொழுதும் உதவாது.

இடத்துக்கு இடம் மழை வேறுபடுவதையும் எண்ண வேண்டும். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. நெகிரி செம்பிலானின் ஜெலுபுவோ தீபகற்பத்தில் மழை மிகக் குறைந்த இடங்களுள் ஒன்று. ஆகவே, நம் ஊர் மழையை நாமே அளந்தறிவது நன்று. முன்னாளில் தோட்ட அலுவலகங்களில் மழையை அங்குலக் கணக்கில் அளந்து எழுதினர்; மழையால் கூலி இழந்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை.

நம் பள்ளிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு காலி மைலோ டின்னும் ஓர் அடிக்கோலும் போதும். கூரையும் கிளையும் மறைக்காத திறந்தவெளியில் டின்னை நிறுத்தி, நாள்தோறும் காலை 8 மணிக்கு நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்து, நீரைக் கொட்டிவிட வேண்டும். மழை எப்பொழுது பெய்தது, அன்று வெட்டு உண்டா என்பதையும் மாணவர்கள் பெற்றோரைக் கேட்டு எழுதுவார்களாக. விடுமுறை நாள்களில் பள்ளியருகே வாழும் பெற்றோர் ஒருவர் அளந்து தரலாம். அடுத்த ஆண்டு மலரில், பரிசளிப்பு விழாப் படங்களுக்கு நடுவே, அப்பன்னிரு மாதக் கணக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.