லேக் வியூ யாருடையது?

சென்னையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி விளம்பரப் பலகைகள்தான். வானம் முட்டும் ஒரு அடுக்குமாடி. அதன் பால்கனியில் காபிக் கோப்பையோடு சிரிக்கும் ஒரு குடும்பம். எதிரே நீலத் தண்ணீர். கீழே கொட்டை எழுத்தில் "சீ வியூ", "லேக் வியூ". அதே கட்டிடத்தில் பக்கத்து சுவரைப் பார்த்த ஃப்ளாட்டுக்கு ஒரு விலை, தண்ணீரைப் பார்த்த ஃப்ளாட்டுக்கு வேறு விலை. செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் ஒன்றுதானே? அப்படியானால் கூடுதல் பணம் காட்சிக்காக. சரி, அந்தக் காட்சியை பில்டர் யாரிடம் வாங்கினார்?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி அங்கே இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி தமிழ்நாட்டில். ஆடம்பர அடுக்குமாடி எதுவும் அந்தக் கரையில் இன்னும் எழவில்லை. ஆனால் நகரம் வளர்ந்துகொண்டே வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022-ல் அரசு ஆணை வந்தது. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு நடந்தது வடக்கே நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

வரும்போது விளம்பரத்தில் என்ன எழுதுவார்கள் என்று ஊகிப்பது சுலபம். "400 ஆண்டுப் பாரம்பரியம்" என்பார்கள். உண்மைதான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பல பத்தாண்டுகள் இருந்த ஊர் இது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு "பெலிகாட்" என்றே பெயர். அது இந்த ஊரின் பெயர்தான். "பறவைகளோடு விழித்தெழுங்கள்" என்றும் எழுதுவார்கள். 1980-லிருந்து இது பறவைகள் சரணாலயம், பூநாரைகள் வரும் ஏரி.

ஆனால் விளம்பரத்தில் வராத ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பாடு. பாடு என்றதும் கஷ்டப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பாடு என்பது முறை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் எல்லா இடமும் இல்லை. எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் பாடு உரிமை உள்ள குப்பங்கள் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத் தலைவர்கள் கணக்கில், முறை பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் ஒருவருக்கு என்றால் இன்னொரு நாள் இன்னொருவருக்கு. ஏரியின் எந்தத் துண்டும் யாருக்கும் சொந்தமில்லை. முறை மட்டும்தான் சொந்தம்.

இதைப் புனிதமாக்கவும் தேவையில்லை. பாடு உரிமை காலங்காலமாகப் பட்டினவர் சமூகத்தின் சில குப்பங்களிடமே இருந்து வந்தது. தலித் மீனவர்களும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதனால் சண்டைகளும் வந்தன. அந்த நியாயம் பேசித் தீர்க்கப்பட வேண்டும். ஆனால் அந்தச் சண்டையில்கூடக் கேட்கப்படுவது முறையில் பங்குதான். ஏரியையே தனக்கு எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. லேக் வியூ ஃப்ளாட்டோ இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரின் அழகை மாடி வாரியாக விலை போட்டு, நிரந்தரமாகக் கிரயம் செய்து கொடுக்கிறது.

"கண்ணால் பார்ப்பதால் ஏரிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். பார்ப்பதால் நஷ்டமில்லை. பார்க்கக் காசு கொடுத்தவருக்குப் பார்வையில் படக்கூடாதவை என்று ஒரு பட்டியல் வந்துவிடும், அங்கேதான் சிக்கல். கரையில் காயும் கருவாடு, அதன் வாடை, விரித்துப் போட்ட வலை, விடிகாலை ஏலச் சத்தம், எஞ்சின் புகை! மீனவருக்குத் தொழில், பால்கனிக்காரருக்குத் தொல்லை. புகார் எழுதத் தெரிந்தவர் யார், எழுதினால் யாருடைய புகார் செல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

இது கற்பனை இல்லை. சென்னை மெரினா லூப் சாலையைப் பாருங்கள். நொச்சிக்குப்பத்து மக்கள் தலைமுறைகளாகப் படகு ஏற்றி மீன் விற்ற கரையை ஒட்டிச் சாலை போட்டார்கள். பிறகு அந்தச் சாலையில் மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றானது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுக்க, மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். 2024-ல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் யாருக்கு வந்தது? பிறகு வந்த சாலைக்கா, முன்னால் இருந்த குப்பத்துக்கா?

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் சட்டத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில், ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையில் 100 மீட்டர் வரை கட்டுப்பாடு இருந்தது. 2019-ல் வந்த அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதே 2011 அறிவிக்கை, கிராமப்புறக் கடற்கரையில் 200 முதல் 500 மீட்டருக்குள் மீனவர் வீடு கட்டினால் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு தளம்தான் என்றது. நல்ல விதி. மீனவருக்கு 9 மீட்டர் அளந்த கை, பில்டருக்கும் அதே நாடாவைப் பிடிக்குமா?

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சிக்குப் பக்கத்தில் மரடு சாட்சி. காயல் கரையில் விதியை மீறி எழுந்த நான்கு ஆடம்பர அடுக்குமாடிகளை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதி கொடுத்தது உள்ளாட்சி, விற்றது பில்டர், வீட்டை இழந்தது வாங்கியவர். அவர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் வரை கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆக, இது மீனவருக்காக மட்டும் பேசும் பேச்சில்லை. வங்கியில் கடன் வாங்கி லேக் வியூ வாங்கப் போகிறவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

"அப்படியானால் அந்த ஊர் முன்னேறவே கூடாதா? பிள்ளைகள் காலம் பூரா வலைதான் இழுக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. குப்பத்துப் பிள்ளைகள் படிக்கட்டும், நல்ல வேலைக்குப் போகட்டும், மாடி வீடும் கட்டட்டும். ஆனால் நிலம் விலை ஏறினால் அவர்களுக்கு லாபம் என்ற கணக்குதான் இடிக்கிறது. வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் மணல், கருவாட்டுக் களம் எல்லாம் பொதுவாக யார் பேரிலும் பட்டா இல்லாத புறம்போக்கு. விலை ஏறினால் விற்க அவர்களிடம் பத்திரம் கிடையாது. காலி செய்ய மட்டும் நோட்டீஸ் வரும்.

எனவே வரிசையை மாற்ற வேண்டும். மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் இடம் குறித்துக் கடலோர வரைபடம் போட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொன்னது. முதலில் அந்த இடங்கள் வரைபடத்தில் ஏறட்டும். களமும் கரையும் ஊர்ப் பொதுவாகப் பதிவாகட்டும். அதற்குப் பிறகு மிச்சம் எங்கே, எத்தனை மாடி என்று பேசலாம்.

அதுவரை, தண்ணீரைக் காட்டி விலை சொல்லும் பில்டரிடம் வாங்கப் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "சார், இந்த ஏரியில் உங்கள் முறை எப்போது?"